ஏழு மணிக்கு ஒரு பெயர்

அத்தியாயம் 9

ஆறு நாளாக அந்த வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. "டீ இருக்கு", "கேஸ் தீர்ந்துடுச்சு", "சாவி எங்க" என்ற மூன்று வாக்கியங்களை வைத்துக்கொண்டு படித்த மனிதர்கள் இரண்டு பேர் ஒரு வாரத்தை ஓட்டிவிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு பேரில் ஒருத்திக்குத் தொழிலே பேசாத தம்பதிகளைப் பேச வைப்பதுதான். குடும்ப ஆலோசகர். வருகிறவர்கள் எல்லாரும் அவளை மேடம் என்பார்கள். கேட்டுக் கேட்டு வீட்டுக்காரரும் கேலியாக அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். நமக்கும் அதுவே பழகிவிட்டது. வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்.

போன வாரம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மேடத்தின் கண்ணாடியில் ஒரு பக்கத்து ஸ்க்ரூ தளர்ந்துவிட்டது. சரி பண்ணிக்கொள்ளலாம் என்று மதியம் கணவர் கடைக்குப் போனாள். லென்ஸ் தேய்க்கும் பின்னறையில் அவர் கண்ணை மூடி, உதடு அசைய நின்றுகொண்டிருந்தார். யாரிடமோ எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அறையிலோ வேறு ஆள் இல்லை.

இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால், "நம்ம வீட்டுல சாமியும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்" என்று பேசிவைத்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இவர்கள். சண்டை தவறாமல் வந்தது. சாமி மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி வராமலே இருந்தார்.

"எத்தனை நாளா இது?" என்றாள் மேடம்.

"மூணு மாசமா."

"ஏன்?"

"அதை இப்ப கேக்காதே."

"கடைசில நீங்களும் எங்கப்பா மாதிரி ஆயிட்டீங்க!"

அந்த வார்த்தை அவரைச் சுட்டது. சுடும் என்று தெரிந்துதான் சொன்னாள். அவள் அப்பா வீட்டில் எந்த வழக்கையும் ஒரே வார்த்தையில் முடிப்பவர். அம்மா எதையாவது கேட்க வாயெடுத்தால், "வா, வேண்டிக்குவோம்" என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது. முப்பது வருஷம் அம்மா கேட்க நினைத்தது எதையும் கேட்காமலேயே போய்ச் சேர்ந்தாள். அதற்காக மேடம் அப்பாவையும் மன்னிக்கவில்லை, அவர் கும்பிட்டதையும் மன்னிக்கவில்லை.

ஸ்க்ரூ சரியாகாமலே வீடு திரும்பினாள். இன்றைக்கும் அது ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. கண்ணாடிக் கடைக்காரர் பெண்டாட்டி மூக்கிலிருந்து நழுவும் கண்ணாடியை நிமிஷத்துக்கு ஒருதரம் ஏற்றிவிட்டுக்கொண்டு திரிகிறாள். வீம்பு என்று வந்துவிட்டால் மேடத்தை மிஞ்ச ஆளில்லை.

சனிக்கிழமை பதினோரு மணி.

ஒரு அச்சகத்துக்கு மேலே இரண்டாவது மாடியில் மேடத்தின் அறை. மூன்று நாற்காலி, ஒரு ஜன்னல், ஒரு பெட்டி டிஷ்யூ. சுவர்க்கடிகாரம் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற இடத்தில் மாட்டியிருந்தது. கீழே மெஷின் ஓடும்போது தரை லேசாக அதிரும். இன்று அது காலையிலிருந்து நிற்கவே இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு அவள் ஒரு படிவம் கொடுப்பாள். வயது, வேலை, கல்யாணமாகி எத்தனை வருஷம், தூக்கம் எப்படி, உடம்புக்கு ஏதாவது உண்டா என்று இரண்டு பக்கம் கேள்விகள். அதில் ‘நம்பிக்கை, வழிபாடு’ என்று ஒரு வரி முன்பு இருந்தது. முதல் வருஷமே அதை எடுக்கச் சொல்லிவிட்டாள். வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லவும் செய்வாள்: "செருப்போட சேர்த்து நம்பிக்கையையும் வெளிலயே விட்டுட்டு வாங்க. இங்க நீங்களும் அவரும் மட்டும் பேசினாப் போதும்."

பத்தொன்பது வருஷமாக இந்த ஏற்பாடு நன்றாகத்தான் ஓடியது. ஓடியதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று வந்தவர்கள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும். மனைவிக்கு, பல் செட் செய்து கொடுக்கும் ஒரு லேபில் வேலை. இது ஐந்தாவது தடவை. முதல் நாள் வந்த சமயத்தில் வீட்டில் அவர் கத்துவார், அவள் வாயை மூடிக்கொள்வாள். இப்போது அவர் கத்துவதும் நின்றுவிட்டது. மேடத்துக்கு அது முன்னேற்றமாகத் தெரியவில்லை.

மெக்கானிக் உட்கார்ந்ததிலிருந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். வண்டிச் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். மறுபடி இந்தக் கைக்கு மாற்றினார்.

"மேடம், சுத்தி வளைக்க வேண்டாம். பெட்டி வண்டியில இருக்கு. இன்னிக்கி எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். அப்புறம் வக்கீலைப் பார்க்கணும்."

மனைவி சட்டென்று திரும்பினாள். "வேலைக்குத்தானே பெட்டி எடுத்தீங்க?"

"வேலைக்கு யாரு சட்டை மடிச்சு வைப்பா?"

"நாலு சட்டையும் நான் இஸ்திரி போட்டு வச்சது" என்றாள் அவள்.

இவர்கள் தேறிவிடுவார்கள் என்று மேடம் நம்பியிருந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மனைவியைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒவ்வொரு தடவையும் இதேதான். முக்கியமான கேள்வி வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள், கொஞ்ச நேரம் கழித்துத் திறப்பாள், ரத்தினச் சுருக்கமாக ஒரு பதில் சொல்வாள். ஃபைலில் நாலு வாரமாக மேடம் ஒரே மாதிரி எழுதியிருக்கிறாள்: ‘கண்ணை மூடுகிறார். பதிலைத் தவிர்க்கிறார்.’ இன்றும் பேனாவை எடுத்து ‘கண்ணை மூ’ வரைக்கும் எழுதிவிட்டாள்.

அங்கே பேனா நின்றது. லென்ஸ் அறையில் கண்ணை மூடி நின்ற இன்னொரு முகம் குறுக்கே வந்துவிட்டது. அந்த முகம் எதையும் தவிர்த்த மாதிரி இல்லையே என்று ஆறு நாள் கழித்து இப்போதுதான் தோன்றியது.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள். "இப்ப கண்ணை மூடினீங்களே, என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

மனைவி திறந்த கண்ணால் முதலில் கதவைப் பார்த்தாள். "சொல்லலாமா? வெளில விட்டுட்டு வரச் சொன்னீங்களே."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"வாயைத் திறந்தா பொய் வரக்கூடாது, கோபத்துல எதுவும் கொட்டிடக்கூடாதுன்னு வேண்டிக்குவேன். ஒரே ஒரு வரிதான் மேடம். உங்க நேரத்தை எடுத்துக்கக் கூடாதில்லையா?"

மேடம் ஃபைலை மெதுவாக மூடினாள். காது மடல் சூடாவது அவளுக்கே தெரிந்தது.

மெக்கானிக் ஒரு சிரிப்புச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "இங்க வந்து வேண்டிக்கறா, பாருங்க. வீட்டுல அதுக்கு முழுக்குப் போட்டு ஒரு மாசம் ஆச்சு."

"எதுக்கு?"

"ஏழு மணிக்கு."

"ஏழு மணிக்கு என்ன?"

மெக்கானிக்கின் சாவி கை மாறிக்கொண்டே இருந்தது. மனைவிதான் சொன்னாள். "தினம் சாயந்தரம் ஏழு மணிக்கு உள் ரூம்ல பத்து நிமிஷம் உட்கார்ந்து வேண்டிக்குவேன். கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே பழக்கம். நீங்க ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசணும்னு சொன்னீங்கல்ல? அதுக்காக விட்டேன்."

"ஏழு மணிதான்னு நான் சொன்னேனா?"

"எழுதியே கொடுத்தீங்க மேடம்." கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். மேடத்தின் கையெழுத்துதான். அவர் ஆறரைக்கு வருவார், எட்டு மணிக்கு டிவி போடுவார், நடுவில் ஏழு மணி சும்மாதானே இருக்கிறது என்று பொருத்திப் பார்த்துப் பெருமையாக எழுதிக் கொடுத்த சீட்டு.

"வேற நேரத்துக்கு மாத்திக்கலையா?"

"எட்டு மணிக்கு உட்கார்ந்து பார்த்தேன். டிவி சத்தத்துல மனசு ஒட்டல. சரி, இவரும் வருஷக்கணக்கா கிண்டல் பண்ணிட்டுத்தானே இருக்காரு, இதை விட்டா சந்தோஷப்படுவாரு, வீடு நல்லா இருந்தாச் சரின்னு..." நிறுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "சந்தோஷமே படலயே நீங்க."

மெக்கானிக்கின் கால் ஆடுவது நின்றுவிட்டது.

"எனக்குச் சாமி எல்லாம் கிடையாது மேடம். அதை முதல்லயே சொல்லிடறேன்" என்றார். "என் வேலை என்னன்னு தெரியுமில்ல? மெயினை ஆஃப் பண்ணி, கீழே ‘ஆள் வேலை செய்கிறார்’னு போர்டு மாட்டிட்டு, லிஃப்ட் பெட்டிக்கு மேல ஏறி நிக்கணும். சுத்தி இருட்டு. கீழ பன்னெண்டு மாடி. எவனாவது போர்டைக் கழட்டி சுவிட்சைப் போட்டான்னா அவ்வளவுதான். நான் பயந்தவன் இல்ல. ஆனா ஏறும்போது ஒரு நெனப்பு வரும். நேத்து ஏழு மணிக்கு அவ சொன்னது, இன்னிக்கி சாயந்தரம் ஏழு வரைக்கும் தாங்கும்னு."

"என்ன சொன்னது?" என்றாள் மனைவி.

"என் பேரை."

அவள் நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினாள்.

"கதவைச் சாத்திட்டா கேக்காதுன்னு நெனச்சியா? வாய்விட்டுத்தானே சொல்லுவே. முதல்ல உங்கம்மா. அப்புறம் உன் தங்கச்சி. அப்புறம் உங்க லேப்ல முதுகுவலிக்காரம்மா. நாலாவதா நான். இருபது வருஷமா நாலாவதுதான்! ஒரு தடவைகூட பிரமோஷன் கிடைக்கல."

"கடைசியாச் சொன்னா அவசரம் இல்லாமச் சொல்லலாம்னு வச்சிருந்தேன்" என்றாள் அவள். கண்ணீர் பொலபொலவென்று இறங்கியது. டிஷ்யூ பெட்டியை யாரும் தொடவில்லை.

"ஒரு நாள் நின்னுச்சு. சரி, மறந்திருப்பா. ரெண்டாம் நாளும் இல்ல. ஒரு வாரம் இல்ல. எதிர்ல உட்கார்ந்து ‘இன்னிக்கி உங்களுக்கு எப்படிப் போச்சு’ன்னு சீட்டுல எழுதின மாதிரி கேக்கறா. எனக்கு எப்படி இருக்கும்? சரிதான், நம்மளைக் கை கழுவிட்டா, சாமிகிட்டகூட சொல்ல மாட்டேங்கறான்னு நெனச்சேன். போன வாரம் லிஃப்ட் பெட்டி மேல ஏறினேன். கால் நடுங்கிப் போச்சு மேடம். இருபத்து மூணு வருஷ சர்வீஸ். உடம்பு சரியில்லைன்னு பொய் சொல்லிட்டு இறங்கிட்டேன். அன்னிக்கில இருந்து கீழ உட்கார்ந்து வயர் செக் பண்ணிட்டு இருக்கேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"என்னன்னு கேக்கறது? சாமி இல்லைன்னு சொல்றவன் வந்து, ஏன்டி எனக்காக வேண்டிக்கலைன்னு கேட்டா, சிரிக்க மாட்டியா நீ?"

கீழே அச்சு மெஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. மேடம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குடும்பத்தில் தினம் பத்து நிமிஷம் எது அந்த ஆளைத் தாங்கிப் பிடித்திருந்ததோ, அதையாகப் பார்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் பாடத்தை வைத்திருக்கிறாள். படிவத்தில் ஒரு வரி இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதை அடக்கினாள்.

"இது என் தப்பு" என்றாள். "நான் கேக்கவே இல்ல. கேக்காததோட இல்லாம, சொல்ல வேண்டாம்னும் சொல்லிட்டேன்."

இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். மேடங்கள் தப்பை ஒப்புக்கொண்டு அவர்கள் பார்த்ததில்லை.

ஆனாலும் அவள் மேடம்தான். அம்மாவின் மகளும்கூட. கேட்க வேண்டிய இன்னொன்றை விட்டுவிட அவளால் முடியவில்லை. மனைவியிடம் திரும்பினாள். "இவர்கிட்ட பேச வேண்டியதைப் பேசாம, அந்த ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டது உண்டா?"

மனைவி கண்ணை மூடினாள். இந்த முறை மேடம் பேனாவைத் தொடாமல் காத்திருந்தாள்.

"சில நாள் உண்டு" என்றாள் மனைவி கண்ணைத் திறந்து. "இவர் கத்தும்போது. அங்க சொல்லிட்டா மனசு லேசாயிடும். இவர்கிட்ட சொல்ல வேண்டியது பாக்கியாவே நின்னுடும்."

"அப்ப ரெண்டும் வேணும், இல்லையா? எதை எப்ப வச்சுக்கறதுன்னு நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க. நான் நேரம் குறிச்ச லட்சணத்தைத்தான் பார்த்தோமே."

மெக்கானிக் முதல் தடவையாகச் சாவியைப் பைக்குள் போட்டார். "ஏழு மணியை அவளுக்கே குடுத்துடுங்க."

"ஏழேகாலுக்குப் பேசலாம்" என்றாள் மனைவி. "கதவைத் திறந்தே வைக்கறேன்."

"நான் உள்ள வந்து உட்கார மாட்டேன்."

"யாரு கூப்பிட்டா?"

"பக்கத்து ரூம்லதான் இருப்பேன். சும்மா."

"சும்மாவே இருங்க."

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பெட்டி இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. அதைக் கேட்டாள்.

மெக்கானிக் எழுந்து நின்றார். "அண்ணன்கிட்ட வரேன்னு சொல்லியாச்சு. இருபது வருஷத்துப் பிரச்சினை ஒரு மணி நேரத்துல தீர்ந்துடாது மேடம்." வாசல்வரைக்கும் போய்த் திரும்பினார். "ஏழு மணிக்கு வீட்டுல இருப்பேன். அதுக்கப்புறம்தான் எதுவும்."

அவர்கள் படியிறங்கிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வண்டிக்குப் பக்கத்தில் மனைவி பெட்டியைத் தொடவில்லை. அவரும் இறக்கவில்லை. நடுவில் பெட்டியை வைத்துக்கொண்டே இரண்டு பேரும் ஏறிப் போனார்கள்.

மேடத்துக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. நடந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள். ஒரு படிவத்தை எடுத்துக் கடைசியில் பேனாவால் ஒரு வரி எழுதினாள்: ‘மனசு கனக்கும்போது எங்கே போவீர்கள், யாரிடம் சொல்வீர்கள்?’ எழுதியதைப் படித்துப் பார்த்தபோது, இந்தக் கேள்வியைத் தன் வீட்டில் இருக்கிற ஒரே ஆளிடம் கேட்கவில்லை என்பது உறைத்தது. ஏன் என்று கேட்டாள்தான். கேட்ட மறுகணமே ‘எங்கப்பா மாதிரி’ என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

மதியம் இரண்டு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஸ்க்ரூவைச் சரி பண்ணத்தான் போகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ‘சாப்பாட்டு நேரம்’ என்ற அட்டை தொங்கியது. குனிந்து உள்ளே நுழைந்தாள். சுவர் முழுக்க ஃபிரேம்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தாழ்ந்த குரல்.

ஒட்டுக் கேட்பது தப்பு என்று அவள் எத்தனையோ பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறாள். நின்று கேட்டாள்.

"...நேத்து வந்த பஸ் டிரைவர், அவர் கண்ணுல பிரஷர் ஏறாம இருக்கணும். ரெண்டு பிள்ளைங்க. அப்புறம் எங்க குட்டி. போன மாசம் சேர்ந்த வேலையில ராத்திரி பகல் பார்க்காம உழைக்கறா, வேளைக்குச் சாப்பிடணும். எதிர்க்கடைக்காரன்... வண்டியை நம்ம வாசல்லதான் நிறுத்துவான், மாற மாட்டான். இருந்தாலும் அவன் மூட்டுவலிக்கு ஏதாவது பார்த்துச் செய்..."

குட்டி என்பது வெளியூரில் வேலை பார்க்கும் மகள். மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அடுத்த பேர் வரும். கட்டாயம் வரும். கடைசியாகச் சொன்னால் அவசரம் இல்லாமல் சொல்லலாமே.

"அவ்வளவுதான்" என்றார் உள்ளே.

நம்பிக்கையே இல்லாதவளுக்கு இது ஏன் இப்படி வலிக்க வேண்டும்? கதவைத் தள்ளினாள்.

"என் பேரு வரலையே."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "எப்ப வந்தே?"

"பஸ் டிரைவர்ல இருந்து கேக்கறேன். எதிர்க்கடைக்காரனுக்குக்கூட இடம் இருக்கு. எனக்கு இல்லையா?"

"உன்னைக் கேக்காம எப்படிச் சேர்க்கறது?"

சண்டைக்குச் சொல்லவில்லை அவர். விஷயத்தைச் சொன்னார். "மூணு மாசமா தினம் வாய் வரைக்கும் வரும். மேடத்துக்குப் பிடிக்காதேன்னு முழுங்கிடுவேன்."

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அருகில் வந்து, அவள் கண்ணாடியைக் கழற்றி, சின்ன ஸ்க்ரூடிரைவரால் முடுக்க ஆரம்பித்தார். அவளுக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

"எங்கப்பா மாதிரின்னு சொன்னது தப்பு" என்றாள் அந்த மங்கலைப் பார்த்து. "ஏன் ஆரம்பிச்சீங்க? இந்தத் தடவை முழுசாக் கேக்கறேன்."

"அதைச் சொன்னா உன் பேரும் அதுல வரும். முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. உன்னைச் சேர்த்துக்கலாமா?"

கண்ணாடியை அவள் முகத்தில் மாட்டி, காதோரம் சரி பார்த்தார். ஆறு நாளில் முதல் தடவையாக அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளத்தது. ஆறு நாள் கோபத்தில் ஆன இளைப்பு இல்லை இது. இவ்வளவு நாள் தான் என்னத்தைப் பார்த்தோம் என்று அவளுக்குத் திக்கென்றது.

சரி என்றால் அவர் சொல்லப்போவதைக் கேட்டாக வேண்டும். வேண்டாம் என்றால் இந்த அறையிலும் அவர் தனியாகத்தான் நிற்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக அடுத்தவர்களிடம் பதில் வாங்கியவளுக்கு நாக்கு எழவில்லை.

"ஒரு நிமிஷம் குடுங்க" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டாள்.